எனக்காக முருகனைத் திட்டிய அக்கா

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படுத்துக் கிடந்த மாதங்களில் என் கணவர் குமரேசன், நோயிலிருந்து மீண்டவர்கள் எழுதியதையெல்லாம் ஃபோனில் தேடிப் பிடித்து எனக்குப் படித்துக் காட்டுவார். எழுதியவர்கள் அத்தனை பேரும் சாந்தமாக இருந்தார்கள். நோய் ஒரு பாடம் என்றார்கள், பரிசு என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். கை மட்டும் அசைந்திருந்தால் அந்த ஃபோனைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருப்பேன். இப்போது கை அசைகிறது. ஆத்திரத்தோடு ஏதோ ஒரு கட்டிலில் கிடக்கும் யாருக்காவது இது போய்ச் சேரட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். எந்தக் கண்டெய்னர் எந்த லோரியில் ஏற வேண்டும், எப்போது துறைமுகத்துக்குள் போக வேண்டும் என்பது என் பொறுப்பு. லோரி தாமதமானால் நான் போடும் சத்தம் மேல்மாடி அலுவலகம்வரை கேட்கும் என்பார்கள். குமரேசன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், பேச்சு குறைவு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி, பரிகாரம் சொல்லி, எல்லோரும் ஓய்ந்துபோன பிறகுதான் இந்த நோய் வந்தது. மறுபடியும் அவர்களுக்கு வேலை கிடைத்தது.

ஆரம்பம் வெறும் வயிற்றுப்போக்கு. அது சரியாகிச் சில நாட்களில் பாதம் இரண்டும் எறும்பு ஊர்வதுபோல் மரத்தன. வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் டாக்டர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. வேலையில் டென்ஷன், வைட்டமின் சாப்பிடுங்கள், ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார். மறுநாள் மாடிப்படியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அதற்கடுத்த நாள் சட்டைப் பொத்தான் போட வரவில்லை.

கிள்ளான் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நோயாளிகளை நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் சிவப்பு, அடுத்தது மஞ்சள், காத்திருக்கக் கூடியவர்களுக்குப் பச்சை. எனக்குப் பச்சை. பிளாஸ்டிக் நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். கண்ணெதிரே கைகால் சுளுக்கியவர்களும் இருமுகிறவர்களும் உள்ளே போய் மருந்தோடு வெளியே வந்தார்கள். பிற்பகலில் என் எண் வந்தபோது எழ முடியவில்லை. குமரேசன் தூக்கினார். கால்கள் துணிபோலத் தொங்கின. அதைப் பார்த்த ஒரு தாதி ஓடி வந்தாள். அதன் பிறகு எல்லாரும் ஓடினார்கள்.

இளம் டாக்டர் ஒருவர் சின்னச் சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். தட்டினால் கால் தானாக உதைக்க வேண்டும். என் கால் மரக்கட்டைபோல் கிடந்தது. பிறகு முதுகெலும்புக்கு நடுவே ஊசி செருகி, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். கை, கால் நரம்புகளில் மின்சாரம் பாய்ச்சி அது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளந்தார்கள். ஒவ்வொரு அதிர்வுக்கும் நான் கத்தினேன். கடைசியில் நோய்க்குப் பெயர் கிடைத்தது: கில்லான் பாரே.

கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் பார்வதி அக்கா அப்போது என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

“கிள்ளானா? கிள்ளான்ல மட்டும் வர்ற நோயா டாக்டர் இது? நான் பிரிக்பீல்ட்ஸ் ஆளு, எனக்கு வராதே?” என்றார்.

அந்த நோயை விவரித்த இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் பெயர் அது. கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, குழம்பிப்போய் நம் நரம்பையே தாக்கும். காலில் தொடங்கி மேலே ஏறும். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும், ஆனால் எதுவரை ஏறும், எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த மருந்தை ரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அடிக்கடி வந்து, ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்கள். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் குறைந்தது. ஐந்துக்கு மேல் போகாத அன்று என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போய், தொண்டைக்குள் குழாயை விட்டு, மூச்சு விடும் பொறுப்பை ஒரு எந்திரத்திடம் கொடுத்தார்கள். பின்னர் அந்தக் குழாயை எடுத்துக் கழுத்தில் துளையிட்டு அதன் வழியே இணைத்தார்கள். குரல் போனது. முகத்திலும் பாதி போனது. கண்ணை மேலே உருட்ட முடிந்தது, அவ்வளவுதான். மூளை மட்டும் பளிச்சென்று இருந்தது. வலி தெரிந்தது, அரிப்பு தெரிந்தது, பேசுவதெல்லாம் கேட்டது.

கேட்டதுதான் கொடுமை.

வந்தவர்களெல்லாம் பேசினார்கள். சாமி தாங்க முடியாத கஷ்டத்தைத் தர மாட்டார் என்றார் ஒருவர். தனக்குப் பிடித்தவர்களைத்தான் அவர் சோதிப்பார் என்றார் இன்னொருவர். போன பிறவியில் என்ன செய்தாளோ என்று கதவருகே ஒரு குரல் கேட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தாமரைப் பூவும் விளக்கும் போட்ட படங்களாக வந்து குவிந்தன. நான் பேச முடியாதவள் என்பதால் எல்லோரும் தைரியமாகக் கடவுளுக்கு வக்கீலாக வாதாடினார்கள்.

அவர்களில் பெரிய வக்கீல் பார்வதி அக்கா. குமரேசனைவிட எட்டு வயது மூத்தவர். அவருடைய ஒரே மகன் கதிர், பத்து வருடத்துக்கு முன் கல்லூரியில் படிக்கும்போது டெங்கி காய்ச்சலில் இறந்துபோனான். அதற்குப் பிறகு அவர் வாயில் சாமியைத் தவிர வேறு பேச்சில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து ரயில் ஏறி, தினமும் மதியப் பார்வை நேரத்துக்குக் கிள்ளான் வந்துவிடுவார். வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு என் வாயில் வழிவதைத் துடைப்பார், குதிகாலில் எண்ணெய் தடவுவார், தலையைத் திருப்பி வைத்துச் சிக்கெடுப்பார். குமரேசன்கூடத் தயங்கும் வேலைகளை முகம் சுளிக்காமல் செய்தார். செய்துகொண்டே பேசினார்.

“எல்லாம் சோதனைம்மா மாலா. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கறேன்னு சொல்லிட்டு ரெண்டு வருஷமா ஆபீஸ் ஆபீஸ்னு ஓடினீல்ல? அவன் கணக்கு வச்சிருப்பான். நம்பிக்கையா இரு, விட்டுக் குடு, அவன் பாத்துப்பான்.”

அந்தக் கையை நான் தேடினேன், அந்த வாயை வெறுத்தேன். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

குமரேசன் ஓர் அட்டை தயார் செய்தார். தமிழ் எழுத்துகளை எழுதத் தொடங்கி, உயிர்மெய்யில் பாதி வருவதற்குள் அட்டை நிறைந்துவிட்டது. “இது வேலைக்கு ஆகாது லா,” என்று கிழித்துப் போட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்வதுபோல ஆங்கில எழுத்துகளை வரிசையாக எழுதினார். அவர் விரல் ஒவ்வொரு வரிசையாகப் போகும். சரியான வரிசையில் நான் கண்ணை மேலே உருட்டுவேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக. ஒரு சொல்லுக்கே இருவருக்கும் வியர்த்துவிடும். நான் சொன்ன முதல் சொல் ‘அரிக்குது’. எங்கே என்று கண்டுபிடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. மூக்கு.

பக்கத்துக் கட்டிலில் வயதான ஒரு மலாய்ப் பெண்மணி இருந்தார். மலாயில் பெரியம்மா என்பதுபோல, மக்சிக் என்றுதான் எல்லோரும் அவரை அழைத்தார்கள். அவருடைய மகள் தினமும் வந்து காதருகே மெல்லிய குரலில் ஓதுவாள். முடித்துவிட்டுப் போகும்போது என் போர்வையும் விலகியிருந்தால் சரிசெய்துவிட்டுப் போவாள். அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. அது என்னிடம் எதையும் நிரூபிக்க முயலவில்லை. ஒரு நாள் காலை திரையை இழுத்தார்கள். மக்சிக் போய்விட்டார். அந்த மகள் வெளியே போகும்போது என் பாதத்தை ஒரு முறை தொட்டு அழுத்திவிட்டுப் போனாள்.

அன்று மதியம் பார்வதி அக்கா வந்து காலியான கட்டிலைப் பார்த்தார். என் குதிகாலைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்கினார்.

“பாத்தியா, நீ இருக்க. நம்பினவங்களைக் கைவிட மாட்டான். உன்னை அவன் சோதிக்கத்தான் செய்றான்.”

அட்டை வேண்டும் என்று கண்ணை மேலே உருட்டினேன். குமரேசன் விரலை வைத்தார். அன்று நான் களைப்பே பார்க்கவில்லை. எழுத்தெழுத்தாக வந்தது. பாதியிலேயே அவருக்குப் புரிந்து, “வேணாம் மாலா,” என்றார். நான் கண்ணை இறக்கவில்லை. அவர் முடித்துவிட்டு வாசிக்காமல் நின்றார். அக்காவே வாய்விட்டுக் கூட்டிப் படித்தார்.

“கதிரையும்... சோதிச்சானா?”

என் பாதத்தை மெதுவாகக் கட்டிலில் வைத்தார். எண்ணெய்ப் புட்டியை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு எந்திரத்தோடு எனக்குச் சண்டை மூண்டது. அது காற்றைத் தள்ளும்போது நான் வெளியே விடப் பார்ப்பேன், அது நிறுத்தும்போது இழுக்கப் பார்ப்பேன். மிச்சமிருந்த துளி பலத்தையும் அதில் செலவழித்தேன். உடனே அபாய ஒலி கூவும். தமிழ்த் தாதி ஒருத்தி, பெயர் ஷாமினி, ஓடி ஓடி வந்து சளியை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பாள். குழாயில் கோளாறு இருக்காது.

“அக்கா, மெஷின்கூடச் சண்டை போடறீங்க. அது உங்களுக்கு எதிரி இல்ல லா. அது குடுக்கறப்ப வாங்குங்க. சும்மா இருங்க, போதும்.”

சும்மா இருப்பது என்னவென்று எனக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க நான் சும்மா இருந்ததில்லை. மயக்க மருந்தைக் கூட்டினால்தான் அடங்கினேன். மருந்து குறைந்ததும் மறுபடி சண்டை.

பார்வதி அக்கா மறுநாளும் வந்தார். அவர் வர மாட்டார் என்று நினைத்திருந்தேன். கையைக் கழுவினார். வாயைத் துடைத்தார். சாமி என்ற சொல்லே வரவில்லை. என் நகங்களை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார். வலது கை முடிந்து இடது கைக்கு வந்தபோது, விரலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கதிர் போனதும் நான் ஒரு வருஷம் வீட்ல வெளக்கேத்தல. யாருக்கும் தெரியாது, உன் மாமாவுக்குக்கூட. சாமி ரூம் கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்து திட்டுவேன். தெருவுல பேசற வார்த்தையெல்லாம் பேசியிருக்கேன். வெளிய வந்தா எல்லாரும் ‘சோதனைம்மா, சோதனைம்மா’ன்னு சொன்னாங்க. சரின்னு நானும் சொல்லிக்கிட்டேன். அதையே சொல்லிக்கிட்டு இருந்தா திட்டு வெளிய வராது பாரு. நிறுத்தினா மறுபடி ஆரம்பிச்சிருவேனோன்னு பயம்.”

கடைசி நகத்தை வெட்டிவிட்டுத் துணுக்குகளை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“நீ கேட்டது சரியான கேள்விதான். ஆனா என்கிட்ட கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

என் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. அதை அவர்தான் துடைத்தார். கண்ணை மேலே உருட்டி அட்டை கேட்டேன். குமரேசன் இல்லாததால் அவரே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் பிடித்தார். வரிசையைத் தவறவிட்டு, திரும்ப வந்து, ஒரு வழியாக என் கோரிக்கையைப் படித்தார். எனக்குக் குரல் இல்லை. எனக்காக நீங்கள் போய் அவனைத் திட்ட வேண்டும்.

“கோயில்லயா?”

கண்ணை மேலே உருட்டினேன்.

“சத்தமாவா?”

மேலே உருட்டினேன்.

அக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அன்று மதியமும் மாலையும், பார்வை நேரம் இரண்டும் அதற்கே போயிற்று. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். சொன்னது இவ்வளவுதான். முருகா, பிள்ளை கேட்டேன், நீ கொடுக்கவில்லை. பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். உன்னைத் தொந்தரவு செய்யவில்லை. என் உழைப்பில் சாப்பிட்டேன். இப்போது கையை எடுத்துக்கொண்டாய், காலை எடுத்துக்கொண்டாய், குரலை எடுத்துக்கொண்டாய். மக்சிக்கையும் எடுத்துக்கொண்டாய், அவர் மகள் என்ன குறை வைத்தாள்? மனிதனாக இருந்தால் உன்னைப் போலீசில் பிடித்துக் கொடுத்திருப்பேன். என்னிடம் பதில் சொல்.

முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் கண் தானாக இன்னும் உருண்டது. அக்கா எழுதினார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைத் தனியாக விடாதே.

அதை நான் சொல்ல நினைக்கவே இல்லை. எழுதி முடித்ததும் அக்கா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை அக்கா வரத் தாமதமானது. மதியப் பார்வை நேரம் முடியும்போதுதான் மூச்சிரைக்க வந்தார். நெற்றியில் திருநீறு, முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. ஷாமினியிடம், “மிஸி, அஞ்சு நிமிஷம் குடுங்கம்மா, ரொம்ப முக்கியம்,” என்று கெஞ்சிவிட்டு என் காதருகே குனிந்தார்.

“சொல்லிட்டேன்.”

நான் அவரையே பார்த்தேன்.

“எங்க ஏரியா கோயில்லதான். பூஜை நேரம், நல்ல கூட்டம். தீபாராதனை காட்டறப்போ ஆரம்பிச்சேன். முதல்ல கொரலே வரல. அப்புறம் வந்துச்சு பாரு! குருக்கள் தட்டோட அப்படியே நின்னுட்டாரு. முன்னாடி நின்ன ஒரு ஆன்டி திரும்பி, ‘என்னம்மா, யாரைத் திட்டறீங்க’ன்னாங்க. ‘உங்களை இல்ல ஆன்டி, அவனை’ன்னேன். போலீஸ் வரைக்கும் ஒரு வார்த்தை விடாமச் சொன்னேன். உன்னோடது முடிஞ்சதும் என்னோடதையும் சேத்துச் சொல்லிட்டேன். பத்து வருஷத்தையும்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“பதில் ஒண்ணும் வரல மாலா. பொய் சொல்ல மாட்டேன். அப்படியேதான் நின்னான். ஆனா போகவும் இல்ல. அவ்வளவு பேசியும் மொகத்தைத் திருப்பல. முழுசாக் கேட்டான். எனக்கு அது தெரிஞ்சுச்சு. கதிர் போனதுலேருந்து இப்படி ஒரு நாள் நான் அவன் முன்னாடி நின்னதே இல்ல. வந்து ரயில்ல உக்காந்தேன், தூக்கம்னா தூக்கம், அப்படி ஒரு தூக்கம். கிள்ளான் வந்ததே தெரியல. போர்ட் கிள்ளான்ல கார்டு வந்து தட்டி எழுப்பி, ‘ஆன்டி, கடைசி ஸ்டேஷன்’ங்கறான்!”

என் முகத்தால் சிரிக்க முடியாது. வயிறு குலுங்கியது. எந்திரம் கூவியது. ஷாமினி ஓடி வந்து, அக்கா சிரிப்பதையும் என் கண்ணையும் பார்த்துவிட்டு ஒலியை நிறுத்தினாள்.

அக்காவும் ஷாமினியும் போன பிறகு நடந்ததை என்னால் சரியாக விளக்க முடியாது. தரிசனம் எதுவும் கிடைக்கவில்லை. வேல் தெரியவில்லை, மயில் வரவில்லை. எந்திரம் காற்றைத் தள்ளியது, நான் எதிர்க்கவில்லை. அது நிறுத்தியது, அடுத்தது வரும் என்று காத்திருந்தேன். வந்தது. மறுபடி வந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன், கேட்க வேண்டியவன் கேட்டுவிட்டான், இனி நான் பிடித்துக்கொண்டிருக்க எதுவுமில்லை என்று உடம்புக்குத் தெரிந்ததுபோல் இருந்தது. பிற்பகல் வெயில் எதிர்ச் சுவரில் இருந்தது. மயக்க மருந்து கூட்டப்படாமலே தூங்கிப்போனேன். நோய் வந்த பிறகு நான் தூங்கிய முதல் தூக்கம் அதுதான்.

அன்றிலிருந்து குணமானேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. நெடுநாள் எதுவும் மாறவில்லை. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது, முதுகில் புண் வந்தது. குமரேசனுக்குச் சம்பளமில்லா விடுப்பும் முடிந்தது. வேலை முடித்துவிட்டுக் கிரீஸ் கறையோடு ஓடி வருவார். என் அலுவலகத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள், தொலைபேசியில்கூடச் சொல்லவில்லை. அரசாங்க மருத்துவமனை என்பதால் பில் எங்களை மூழ்கடிக்காமல் விட்டது. நான் முருகனோடு தினமும் சண்டை போட்டேன். போட்டுவிட்டுத் தூங்கினேன். அதுதான் மாறியது.

பிறகு ஒரு காலை தோள் அசைந்தது. ஏறிய வழியிலேயே நோய் இறங்கும் என்று டாக்டர் சொன்னது சரியாயிற்று. எந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார்கள். கழுத்துத் துளையை மூடிப் பேசச் சொன்னபோது தவளைக் குரல் வந்தது. குமரேசன் அதைக் கேட்டு வராந்தாவுக்குப் போய் நின்று அழுதார். கோலாலம்பூரில் மறுவாழ்வுப் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். கரண்டி பிடிக்க, உட்கார, நிற்கக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் பயிற்சியாளரோடு சண்டை. நடை இன்னும் முழுதாக வரவில்லை. பாதம் இன்னும் எரிகிறது.

போன வாரம் பார்வதி அக்காவும் குமரேசனும் என்னைச் சக்கர நாற்காலியில் அந்தப் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். குருக்கள் அக்காவைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார். தெரிந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெண்மணி என் கன்னத்தைத் தடவினார்.

“பாத்தியாம்மா, நம்பிக்கை இருந்ததாலதான் முருகன் உன்னைக் காப்பாத்திட்டான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்களுக்கும் நம்பிக்கை இருந்துச்சு ஆன்டி. என்னைவிட நெறையவே இருந்துச்சு. அவங்க செத்துட்டாங்க,” என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் யாரோ பேச்சை மாற்றினார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிழைத்தவள் நான் என்பதற்காக, பிழைக்காதவர்கள் தலையில் பழியைப் போட என்னால் முடியாது.

அக்கா நாற்காலியைக் கருவறைக்கு நேர் எதிரே தள்ளினார். உள்ளே அவன் நின்றான், எண்ணெய் மினுக்கத்தோடு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. திட்டுவதற்கு நிறையத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது என் புதுக் குரலில் வந்தது வேறு.

“இன்னும் நீ பதில் சொல்லல. சொல்றப்ப சொல்லு. நான் எங்கயும் போகல.”

அக்கா குனிந்து, நாற்காலி நகராமலிருக்கப் பிரேக்கை அழுத்தினார்.